வாய்க்குள் ஒரு தகைவிலான்

யோகொத்தே நகரில் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்த டிசம்பர்.
முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடம்.
மேசை துடைத்த ஈரம் காயுமுன்
அட்டைகளைப் பரப்பிவிடுவாள் சிஹாரு.
அவளுக்கு இருபத்தாறு.
எதிரே எர்மெலிண்டா, ஃபுளோரஸ் தீவுக்காரி, முப்பத்தெட்டு.
இருவருக்கும் ஒரே சீருடை, ஒரே முதுகுவலி.
ஜனவரிக் கடைசியில் ஒருத்திக்குப் பரிட்சை.

மரத்தில் சாய்ந்த ஆள்: ஓய்வு.
அது பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டது.
கிடைக்காததுதான்
முதலில் மனப்பாடமாகிறது.

இதயம், அதன் பக்கத்தில் 'தொலைந்தது':
இப்படி நின்றால் ஓயாத வேலை.
தொலைந்ததற்கு அடியில் இதயம் கிடந்தால்
மறதி.
எதற்கு எது, எப்படி ஞாபகம் வைப்பாய்?
"திங்கட்கிழமை பக்கத்தில்.
வெள்ளிக்கிழமை அடியில்."

பிறகு வந்தது
பத்தொன்பது கோடுகளில் ஒரே ஓர் எழுத்து:
விழுங்குதல்.
சதுரம் ஒரு வாய்.
வாயை ஒட்டி ஒரு தகைவிலான் குருவி,
தலை, உடம்பு, பிரிந்த சிறகுகள்,
வாலுக்கு நான்கு புள்ளி.
பறவை வாய்க்குள் போகிறது, அவ்வளவுதான் என்று
சிஹாரு வரைந்து காட்டினாள்.
அவளுக்கு வரையக் கை வராது.
திறந்த வாய்க்குள்
ஓர் இஸ்திரிப் பெட்டி பறந்து போனது.

மறுநாள் அந்த அட்டையை நீட்டியபோது
எர்மெலிண்டா நெடுநேரம் யோசித்தாள்.
"சலவை."

பென்சில் கை மாறியது.
இப்போது அது வெறும் வாயல்ல,
ஏழாம் அறை சதாக்கேயின் வாய்,
கீழ்வரிசையில் மூன்றே பற்கள்.
வால் மட்டும் உதட்டுக்கு வெளியே.
அடியில் தன் மொழியில் ஒரு சொல் எழுதிக்கொண்டாள்:
எங்ஙா.
மூச்சிரைத்தல்.
ஏனென்றால் விழுங்குவதற்கு இங்கே சொல்வது
எங்கெ.

தமிழில் இதை வாசிக்கும் உங்களுக்குப்
படம்கூட வேண்டியதில்லை.
குருவி தொண்டைக்குள் இறங்கிவிட்டது.
எங்கே என்று கேளுங்கள்.
முடிந்தது,
ஜப்பானிய மொழியில் ஒரு சொல் உங்களுக்குள் கூடுகட்டிவிட்டது.
மன்னிக்கவும்,
இனி அது போகாது.

பரிட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.
வழுக்கும் சேப்பங்கிழங்குத் துண்டு ஒன்று
சதாக்கேக்குப் புரையேறியது.
புரையேறினால்
யாரோ நினைக்கிறார்கள் என்போம் நாம்.
அன்று நினைத்தவள் எர்மெலிண்டா என்றால்
கதை நன்றாகத்தான் இருக்கும்.
அவள் எதையும் நினைக்கவில்லை.
கை முந்திக்கொண்டது,
அவரை முன்னால் குனியவைத்தது,
தோள்பட்டைகளுக்கு நடுவே
எந்த மொழியிலும் சேராத ஐந்து தட்டு.
கிழங்கு தட்டில் விழுந்தது.
அவர் தண்ணீர் கேட்டார்,
பிறகு கிழங்கையே கேட்டார்.

நினைவு வந்தது பதிவேட்டின் முன்னால்தான்.
மூன்று கோட்டில் வாய்,
மூன்று பல் கொண்ட வாய்.
பிறகு தலை, உடம்பு, சிறகு.
புள்ளி, புள்ளி, புள்ளி,
நான்காவதில் பேனா தாளைக் கிழித்தது.

பரிட்சையில் அந்த எழுத்து வரவில்லை.

ஏப்ரலில் கூரை விளிம்பில்
ஈர மண்ணைக் கொத்திக் கொத்தி ஒட்டின
இரண்டு பறவைகள்.
எச்சம் வாசலில் விழாதிருக்க
சிஹாரு ஏணியில் நின்று
பால் பெட்டி அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
பிளவுபட்ட வால் ஒன்று அவள் காதோரம் வெட்டித் திரும்பியது.
கீழிருந்து எர்மெலிண்டா விரல் நீட்டிக் கத்தினாள்:
"எங்கெ!"

சிஹாரு சிரித்ததில் ஏணி ஆடியது.
"வாயை எடுத்துவிடு.
வாய் இல்லாவிட்டால் அது வெறும் ட்ஸுபாமே.
இரு, இறங்கி வந்து படம் போட்டுத் தருகிறேன்."

வேண்டாம் என்றாள்.
கழுத்து வலிக்குமட்டும் மேலே பார்த்தாள்.

மறுநாள் கேட்டபோது மறந்திருந்தாள்.
மறுநாளும்
மேலே பார்த்தாள்.