இரண்டு தாள்

முதல் வருஷம் தப்பு காலண்டருடையது.
இல்லை, என்னுடையது.
ஐப்பசி அடைமழை. பூந்தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை.
ரீசார்ஜ் கடைக்குள் கணுக்கால் தண்ணீர்.
வாளியும் கையுமாய் நின்றதில்
ஒரு நாள் தாளைக் கிழிக்க மறந்தேன்.

மறுநாள் கிழித்தால் ‘கடைமுகம்’ என்றிருந்தது.
அபயம் மஞ்சளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில்
காவிரி மட்டும் இருந்தது.
படியெல்லாம் நசுங்கிய சாமந்தி,
வெடித்த பலூன், ஜோடி தொலைத்த செருப்புகள்,
கடை பிரித்தவர்கள் அவிழ்க்காமல் விட்ட கயிறு.
பெருக்குவதை நிறுத்தாமல் ஒருத்தி கேட்டாள்:
“கடைமுகத்துக்கா? அது நேத்தே முடிஞ்சிட்டே.”

அபயம் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

பச்சைநாயகி. நகராட்சி. எங்கள் வயதுதான் இருக்கும்.
“இன்னிக்கு முடவன் முழுக்கு.
நடக்க முடியாத ஒருத்தர் வந்து சேர்றதுக்குள்ள
மாசம் முடிஞ்சிட்டாம்.
அவருக்காக ஒரு நாள் கூட நின்னுதாம் புண்ணியம்.
இறங்குங்க. மூணாவது படி வழுக்கும்.”

வழுக்கியது.

தண்ணீரில் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.
பஸ் மாறி ஏறியவர் ஒருவர்,
கும்பகோணத்தில் தூங்கிப்போனவர் ஒருவர்,
காரணம் எதுவும் சொல்லாத ஒரு பெண்.
இடித்துக்கொள்ளாமல் மூழ்கினோம்.
எழுந்தபோது அபயம் சிரித்துக்கொண்டிருந்தாள்,
மூக்கிலிருந்து ஆறு ஒழுக.

அதிலிருந்து வருஷா வருஷம்
ஒரு நாள் பிந்தியே போகிறோம்.
தெரிந்தே பிந்துவது பிந்துவதாகுமா என்று கேட்டேன்.
“முதல்ல பொங்கல் வச்சவ
பக்கத்து வீட்ல பேசிட்டு நின்னிருப்பா.
பால் வழிஞ்சிருக்கும்.
மாமியார் பார்த்ததும் குலவை போட்டிருப்பா,
வேணும்னே பொங்கவிட்ட மாதிரி.
இப்ப ஊரே பொங்கவிடுது. பேசாம வாங்க.”

இந்த வருஷம் சாருமதிக்கு ஐந்து வயது.
வாசல் வெள்ளத்தில் கப்பல் விட
இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்திருக்கிறாள்.
ஒரு கப்பல் எங்களுடையது,
ஒன்று தன்னுடையதாம்.
சுவரில் கார்த்திகை ஒன்று.
புளிச்சோறும் பச்சைநாயகிக்கு ஒரு நூல் சேலையுமாய்க் கிளம்பினோம்.
பாசஞ்சரில் ஒற்றைக்காலில் நின்றேன்.
அப்போதும் எனக்குப் புரியவில்லை.

துலாக்கட்டத்தில் ஆறே தெரியவில்லை, அத்தனை தலை.
ரிஷபத்தின் மேல் சாமிகள், மேளம், போலீஸ் மைக்,
யாருடைய முழங்கையோ என் விலாவில்.
நாங்கள் தவறிப்போய்ச் சரியான நாளில் வந்துவிட்டோம்.
“ஏமாந்தோம்” என்றாள் அபயம்.
தோளில் இருந்தவள் மட்டும்
பலூன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்,
நாங்கள் இதுவரை வெடித்த பிறகே பார்த்தவற்றை.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு.
பிறகு ஒன்று அவிழ்ந்து
கோபுரத்தைத் தாண்டிப் போனது.
கூட்டமே ஒரு கணம் அண்ணாந்தது.
முழுக்குப் போட்டவர்கள்கூட.

சேலை பையிலேயே இருந்தது.
பச்சைநாயகி நாளைக் காலைதான் வருவாள்,
இத்தனை பேரும் விட்டுப்போவதைப் பெருக்க.

கடைசி வண்டி எட்டு நாற்பதுக்கு.
ஸ்டேஷன் எதிரில்
எட்டு முப்பத்தெட்டுக்கு
மூன்று டீ சொன்னேன்.
அபயம் கடிகாரத்தைப் பார்த்தாள்.
“ஆத்திக் குடுங்கண்ணே,” என்றாள் மாஸ்டரிடம்,
“நல்லா ஆத்தி.”