ஐந்தாவது ஸ்பிரிங்

வால்டிட்சேயில், திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால்,
ஒரு கோழிக்கொட்டகையில் கிடந்தது வண்டி.
ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஜாவா.
கருஞ்சிவப்புப் பெயிண்டின் மேல் எச்சம்,
எச்சத்தின் மேல் தூசி, தூசியின் மேல் மறுபடி எச்சம்.
யர்மிலா விலை பேசவில்லை.
"தள்ளிக்கொண்டு போ,
கோழிகளுக்கு இடம் போதவில்லை" என்றாள்.

நான் பிர்னோவில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
நடுமாடியில் சிக்கியவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டே
நட்டு முடுக்கிப் பழகியவன்.
பொறுமை உண்டு.
இறுகிப்போன பிஸ்டனுக்கு
எண்ணெயும் சூடும் மாறி மாறிக் கொடுத்தேன்.
மூன்றாவது ஞாயிறு,
நான் கைவிட்டு டீ குடிக்கப் போன நேரம்
தானாக இளகியிருந்தது.

இடப்பக்க மூடியைத் திறந்த ராத்திரிதான்
உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது.
உடைந்திருக்கவில்லை, தேய்ந்திருக்கவில்லை,
இல்லை.
பிளேட் இல்லை, ஸ்பிரிங் இல்லை,
கியர்பாக்ஸை ஊடுருவிப் போகிற
நீளக் கம்பியும் இல்லை.
ஆனால் மூடியின் திருகுகள் எல்லாம்
அளவான இறுக்கத்தில் இருந்தன.
கேஸ்கெட்டுக்குக் கிரீஸ்கூடத் தடவியிருந்தது.
எந்தத் திருடன் இப்படி மூடிவைத்துவிட்டுப் போவான்?

போன் செய்தேன்.
வெகுநேரம் அவள் வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது.
பிறகு, "சனிக்கிழமை வா.
பை ஒன்று எடுத்துக்கொண்டு வா."

நிலவறையில்
வெள்ளரி ஊறும் ஜாடிகளின் அடியில்
ஜாடிக்கு ஒன்றாக இரும்புப் பிளேட்டுகள்.
தக்கை பதித்தவை
அலமாரியில், யாரோ போடாத சட்டைகளுக்கு நடுவே.
தொட்டதும் தக்கை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.
கம்பி, ஜன்னல் தொட்டியில்
ஒரு மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

செடியை நூலால் வேறொரு குச்சியில் கட்டியபடி சொன்னாள்:
"அண்ணன். லுபோர். இருபது வயசு.
அறுபத்தெட்டு ஆகஸ்ட், டாங்கி வந்த மூன்றாம் நாள்.
எல்லை நாலு கிலோமீட்டர்தான்,
விடிந்ததும் போய்விடுவேன் என்றான்.
தூங்கினதும் கழற்றினேன்.
அவன் கழற்றி மாட்டும்போதெல்லாம்
விளக்குப் பிடித்தவள் நான்தானே."

"காலையில்?"

"உதைத்தான். காற்றை உதைத்த மாதிரி இருந்திருக்கும்.
என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
சைக்கிளில் போய்விட்டான்.
என் சைக்கிளில்."

கை பிடித்தால் உள்ளே விட்டுவிடும்,
கை விட்டால்தான் உள்ளே பிடிக்கும்.
கிளட்ச் அப்படித்தான்.
அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை.
விளக்குப் பிடித்தவளுக்குத் தெரியாததா.

பைக்குள் எண்ணிப் பார்த்தேன். ஸ்பிரிங் நாலு.
ஐந்தாவது சமையலறை ஜன்னலில் நின்றது,
ஒல்லி மெழுகுவத்தி ஒன்றைக் கவ்விக்கொண்டு,
சுருளுக்குச் சுருள் எத்தனையோ வருஷத்து மெழுகோடு.
லின்ஸிலிருந்து வந்தது ஒரே ஒரு கார்டு,
பேக்கரியில் வேலை என்று. அப்புறம் ஒன்றுமில்லை.
நவம்பர் இரண்டாம் தேதி, செத்தவர்களுக்கு ஏற்றும் நாளில்
இவனுக்கும் ஏற்றிவிடுகிறாள்.
"உயிரோடு இருந்தால் திட்டிக்கொள்ளட்டும்."

நான் கேட்கவில்லை. அவள் தரவில்லை.

தக்கைக்கு அலையவில்லை, திராட்சை ஊராயிற்றே.
பக்கத்து வீட்டு நிலவறையில்
நாலு மாலை குடித்துச் சேர்த்தோம்,
வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அமுக்கிப் பதித்து,
கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்துச் சமமாகத் தேய்த்தேன்.
ஐந்தாவது ஸ்பிரிங்கை ஒஸ்ட்ராவாவில் ஒருவர்
புதிதாகச் சுருட்டிக் கொடுத்தார்.
கொஞ்சம் முரடு. பிளேட் ஒருபக்கம் சாய்ந்தே எழுகிறது.
முதல் கியரில், நான் போகச் சொல்லும் முன்னே
வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்துவிடுகிறது.
அரைத்திருகு தளர்த்தினால் சரியாகிவிடும்.
செய்யவில்லை.

மே மாதம் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.
புகையில் கோழிகள் சிதறி ஓடின.
யர்மிலா சீட்டைத் தடவவில்லை, அழவில்லை.
ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே
ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தாள்.

"சரி, இது ஓடுகிறது.
என் சைக்கிள்?"