வல்லினம்

முதலில் போனது வல்லினம்.
க ச ட த ப ற.
ஆறாம் வகுப்போடு நின்றவள் நான்,
அந்த வரிசை மட்டும் மறக்கவில்லை.
அதுதான் போனது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கும் மெஷின்.
பாளம் பாளமாக உள்ளே தள்ளுவேன்,
மறுபக்கம் தூளாகக் கொட்டும்.
பதினெட்டு வருஷம்.
ஐஸை மட்டும்தான் தின்கிறது என்றிருந்தேன்.

மீன் முழுசாக வந்தது.
வாவல் முழுசாக வந்தது.
நண்டு நடுவில் ஒடிந்து வந்தது.
சுறாவுக்கு ஒரு உ, ஒரு ஆ,
பல் இல்லாத சுறா.
ஏலக்காரர் தனவேல் பத்துப் பெட்டிக்குக் கேட்டால்
எட்டுப் பெட்டிக்கு அள்ளிவைத்தேன்.
அவர் திட்டியதும் பாதிதான் வந்து சேர்ந்தது.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
என்னைக் கூப்பிட
அவர்களுக்கு ஒரு வல்லினமும் தேவைப்படவில்லை:
அம்மா.
எந்த மூலையிலிருந்து சொன்னாலும் வந்துவிடும்.
திரும்பிப் பார்ப்பேன்.
அடுத்து என்ன சொன்னாலும்
உம் கொட்டுவேன், இல்லையென்றால் சிரிப்பேன்.
ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்று
யமுனா ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.
சிரித்தேன்.
அவள் அழுதபோதுதான் சொன்னேன்,
எனக்கு ஆறு எழுத்து இல்லை என்று.

ஆளுக்கொரு வைத்தியம்.
காய்ச்சிய நல்லெண்ணெய். பூண்டுச் சாறு.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
காது குடைகிறவனின் கம்பி.
என் பங்குக்கு ஊக்கு.
ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை.
கையில் ஒரு பட்டன்.
சத்தம் கேட்டால் அழுத்தணும்.
கதவு சாத்தியதுமே கேட்டது, அழுத்தினேன்,
விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தாள்
நஸ்ரீன், பரங்கிப்பேட்டைப் பெண்.
முகத்துக்கு நேரே நின்று
நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:
'நான் இன்னும் எதையும் போடலையேம்மா.'

கேட்டது மெஷின்.
ஒரு மணிநேர பஸ் தூரத்தில்
லீவு நாளில் பூட்டிக்கிடந்த மெஷின்.

காதுக்குள்ளே நாற்று மாதிரி முடிகள் இருக்குமாம்.
தானே புயலில் முந்திரிக்காடு சாய்ந்ததே, அப்படி என்றாள்.
முந்திரியை மறுபடி நட்டார்கள்.
இதற்கு மறுநடவு கிடையாது.
நிற்கிற மரத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரெண்டு ஜோடிக் காது.

பகலில் அடைக்கிற காது.
மஞ்சளாக, தலைக்கு மேல் வளைந்திருக்கும்.
ஹெலிகாப்டர் ஓட்டப் போறியா என்றார் முதலாளி,
உதட்டில் படித்தேன்.
மெஷின் பக்கம் வரும்போதெல்லாம் அவர்
காதில் விரல் வைத்துக்கொள்வதைப்
பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

சாயங்காலம் திறக்கிற காது.
முந்திரிப்பருப்பு அளவு.
வேர்வை ஆகாது, உப்புக்காற்று ஆகாது.
ராத்திரி கழற்றித் துடைத்து
யமுனாவின் செருப்புப் பெட்டியில் வந்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு
டப்பாவில் படுக்கவைக்கிறேன்.
படுத்ததும் உள்ளே மெஷின் ஓடும்.
ஃபேனை வேகமாக வைத்து
அதன்மேல் தூங்கப் பழகிவிட்டேன்.

வல்லினம் திரும்பியது,
தகரத்தில் செய்ததுபோல.
பிளாஸ்டிக் பை அலறியது.
என் செருப்பே என்னைத் துரத்தியது.
'எவி' என்று யாரையோ கூப்பிடுகிறார்கள் என
இத்தனை நாள் நினைத்திருந்த சொல்லுக்கு
முன்னால் ஒரு ச்,
பின்னால் ஒரு டி.

தேவனாம்பட்டினத்தில் பீச்சுக்குக் கூட்டிப்போனாள் யமுனா.
அலை வந்து விழுவது எனக்கு எப்போதும் உண்டு,
தொம்மென்று.
மணலை இழுத்துக்கொண்டு அது
ஸ்ஸ்ஸென்று திரும்புவதுதான் மறந்திருந்தது.
இத்தனை வருஷம் கடல்
வந்துகொண்டே இருந்தது எனக்கு,
ஒருமுறைகூடப் போனதில்லை.

'என்னம்மா?'
போகுது என்றேன்.
'எது?'
பேட்டரி தீரப்போவதாகக் காதில் கூவியது.
இரு,
இன்னொரு அலை.