முப்பது மீட்டர்

ஓசூர் சிப்காட்டில் என் வேலை
கைக்கடிகாரங்களுக்கு உள்ளே வியர்க்கிறதா என்று பார்ப்பது.
நாற்பத்தைந்து டிகிரித் தட்டில் வரிசையாய்ப் படுக்க வைத்து
சூடேறியதும் கண்ணாடிமேல்
குளிர்ந்த நீர் ஒரு சொட்டு.
ஒரு நிமிடம்.
துடைத்துவிட்டு லென்ஸில் குனிந்தால்
உள்ளே மூச்சு விட்டதுபோல் படர்ந்திருந்தால் சிவப்புத் தட்டு.
இல்லையென்றால் பச்சை.
உலோகம் ஆகாத அறை அது.
எங்கள் ஒருத்தி கையிலும் கடிகாரம் கிடையாது.
சாப்பாட்டு சைரன்தான் எங்களுக்கு மணி.

முனிராஜுக்கு பேரிகைப் பக்கம் ரோஜாக் கம்பெனியில் வேலை.
பிப்ரவரி ஏற்றுமதி முடிந்து
கூடுதல் காசு கைக்கு வந்த அன்று
பஸ் ஸ்டாண்டு வாசலில் தார்ப்பாய் விரித்தவனிடம்
ஒரு கடிகாரம் வாங்கி வந்தான்.
"முப்பது மீட்டர் ஆழம் தாங்குமாம்.
சொம்புத் தண்ணிக்குள்ள போட்டே காட்டினான்."
நான் சிரிக்கவில்லை.
சொம்பு ஒரு சாண்.

முப்பது மீட்டர் என்றால் நூறடி.
எங்கள் தெருவில் நூறடியில் தண்ணீரைப் பார்த்தவர் இல்லை.
போன கோடையில் ஆயிரத்து நூறு அடி இறக்கினார்கள்,
வெள்ளைப் புழுதி எழும்பி
காயப்போட்ட புடவைகளில் உட்கார்ந்தது.
அந்த ஆழத்தை எந்தக் கடிகாரமும் தாங்கும்.

ஆனால் முனிராஜின் கை
இரண்டு டிகிரிக் குளிர் அறையில்
முழங்கை வரை வாளிக்குள் போகும்,
பூக்கட்டோடு வெளியே வந்து
லாரியின் சுடுகிற தகரத்தைப் பிடிக்கும்,
மறுபடி வாளி.
ஒரு நாளைக்கு ஐம்பது முறை
என் சோதனைக்குப் போய்வருகிற கை.

தூக்கம் வரவில்லை.
தோசைக்கல்லை லேசாய்ச் சுட வைத்து அணைத்தேன்.
நாற்பத்தைந்து டிகிரி எதுவென்று என் புறங்கைக்குத் தெரியும்.
துணியை நாலாய் மடித்துப் போட்டு, மேலே அதை வைத்தேன்.
காது மருந்து ஃபில்லரைக் கழுவி
ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு சொட்டு.
அதன் முள்ளை வைத்தே அதற்கு நிமிடம் எண்ணினேன்.
அடுத்த அறையில் அவன் புரண்டு படுத்தான்.

துடைத்தேன். செல்போன் வெளிச்சம்.
மூன்றுக்குப் பக்கத்தில், திருகு நுழைகிற இடத்தில்,
துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மங்கல்.
சரியாகப் பார்ப்பதற்குள் கலைந்துவிட்டது.
வீட்டில் சிவப்புத் தட்டு இல்லை.
எடுத்த இடத்திலேயே, டிவி மேல், வைத்துவிட்டேன்.

காலையில் சொன்னேன்:
"வாளியில கை விடும்போது கழட்டி வையேன்."
"அப்புறம் என்னத்துக்கு வாட்டர் புரூஃப்?"
நியாயமான கேள்வி.
எங்கள் டப்பாவில் அந்தச் சொல்லே அச்சாகாது.
தாங்கும் என்று போடுவோம்,
புகாது என்று போட மாட்டோம்.
இதை அவனிடம் சொல்ல வாய் திறந்தேன்.
பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணை.
ஆற்றில் நுரை ஆள் உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது.
போலீஸ்காரர் விலகச் சொன்னார்.
பெங்களூரின் சோப்பெல்லாம் வருகிறது என்றான் ஒரு டீக்கடைக்காரன்.
காற்றில் பிய்ந்து வந்த ஒரு துண்டு நுரை
முனிராஜின் மணிக்கட்டில் ஒட்டியது.
சட்டையில் துடைத்துக் காதில் வைத்துப் பார்த்து
என் காதிலும் வைத்தான்.
"ஓடுது பாரு."
ஓடியது. ஓடாது என்று நான் சொல்லவே இல்லையே.

பதினோராம் நாள்
வேலை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல்
நேரே சமையல்கட்டுக்குப் போனான்.
டிரம் மூடி திறக்கிற சத்தம், அரிசி சரிகிற சத்தம், மூடி.
எதுவும் கேட்கவில்லை நான்.
அவன் மணிக்கட்டில் வெளுத்த வட்டம் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அரிசி அளக்கும்போது
ஆழாக்கோடு வந்தது.
கண்ணாடியில் பாதி பனி.
ஏழிலிருந்து பன்னிரண்டு வரை எண்களே தெரியவில்லை.
விநாடி முள் மட்டும்
அந்தப் பக்கம் நுழைந்து காணாமல் போய்
இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

வந்த இடத்திலேயே இன்னும் ஆழமாகப் புதைத்தேன்.
மேலே கையால் நிரவி மூடினேன்.
கேழ்வரகு மாவு இருந்தது.
களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு வைத்தேன்.
வாரத்தின் நடுவில் ஏன் களி என்று
அவனும் கேட்கவில்லை.