பதினைந்து சதவீதம்

என் முதல் ஹெலிகாப்டரைக் கொன்றது
மோட்டாரின் மரியாதை.

எண்பது மீட்டரில் அணைத்தேன்.
விழும்போது எதிர்வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற
அந்தச் சுழற்சியைச் செலவழித்துத் தரைதொடும் வித்தை.
லாப்புவா சமவெளியில் காற்று சொல்லாமல் திசைமாறும்.
கம்பிவேலி என் பக்கம் வரத் தொடங்கியது.
வேண்டாம், மேலேயே போய்விடலாமென்று
ஸ்விட்சைத் தட்டினேன்.

பூஜ்யத்திலிருந்து எழுந்த மோட்டார்
தரையில் நிற்கும்போது எழுவதுபோலவே எழுந்தது,
மெல்ல, பற்சக்கரம் நோகாமல்.
வீடு பற்றி எரிகையில்
சட்டைப் பொத்தான்களை வரிசையாகப் போடுகிறவன் மாதிரி.
முழு வேகத்துக்கு அதற்குப் பன்னிரண்டு விநாடி.
தரைக்கு மூன்று.

பார்லித் தாளடியில் வால்குழாயைத் தேடியபோது
ஆர்மாஸ் ஒரு வாளி கொண்டுவந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஃபின்லாந்தின் இந்தப் பக்கத்தில்
அது நீண்ட ஆறுதல் உரை.

குளிர்காலம் முழுக்க,
பகலில் அடுத்தவர் வாய்க்குப் பீங்கான் பற்கள்,
இரவில் சாப்பாட்டு மேசையில் பேட்டரியும் கையேடும்.
அணைக்காதே என்றது கையேடு.
பூஜ்யம்வரை போகாதே, பதினைந்தில் நிறுத்து.
மோட்டார் சுற்றாது, ஆனால் தூங்கவும் செய்யாது.
காலணி கழற்றாமல் கட்டிலில் கிடக்கும்,
கூப்பிட்டால் இரண்டு விநாடியில் வாசலில் நிற்கும்.
ஒரு விநாடி வைத்துப் பார்த்தேன்.
பற்சக்கரத்தில் ஒன்பது பற்கள் போயின.
பல் என் தொழில்,
எண்ணிவிட்டு இரண்டுக்கே மாற்றினேன்.

மே மாதம் பழகியது இறங்குவதை அல்ல,
இறங்காமல் போவதை.
நூறு மீட்டரில் விடு, அறுபதில் திரும்பு.
காரணமே இல்லாமல் மனம் மாற்றிக்கொள்வது
எவ்வளவு கடினமென்று கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.
ஸ்விட்சைத் தட்டிய கணமே அது மேலே இழுக்கத் துடிக்கும்.
இழுத்தால் போச்சு,
இறக்கைகள் இருக்கிற மூச்சையும் விட்டுவிடும்.
விழவேண்டும்.
மோட்டார் வரும்வரை விழுந்துகொண்டே காத்திருக்கவேண்டும்.
ஓசை கெட்டிப்பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கு,
வால் வெடுக்கென்று திரும்பும், பிடி.
ஐம்பத்து மூன்று முறை.
முப்பதுக்குக் கீழே மனம் மாறாதே என்று
ரிமோட்டின் முதுகில் எழுதி ஒட்டினேன்.

செப்டம்பர். எல்லோரும் குடிலுக்குள் காப்பியோடு.
எனக்கு ஒரு கடைசி பேட்டரி.
அணைத்ததும் வானம் அமைதியானது,
இறக்கைகள் காற்றை அரிகிற சத்தம் மட்டும்.
அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து
புல்வெட்டும் வண்டியில் ஆர்மாஸ்,
எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று நம்பி,
காதுகளில் மஞ்சள் கவசம்,
நான் இறங்கவிருந்த கோட்டிலேயே
முதுகைக் காட்டிக்கொண்டு.

கத்தினேன். எனக்கு மட்டும் கேட்டது.

நாற்பது மீட்டர்.
தட்டினேன்.
இழுக்கவில்லை.
முப்பத்தைந்து.
முப்பது.
கட்டைவிரலை அடக்கி வைத்தது
நானா, அந்த ஐம்பத்து மூன்றா, தெரியாது.
இருபத்திரண்டு.
ஓசை கெட்டிப்பட்டது.

நிழல் அவரைக் கடந்தபோது
ஒரு கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

தூரத்தில், மோட்டாரோடு, சாதாரணமாக இறக்கினேன்.
பேட்டரி சுட்டது. என் விரல்கள் ஜில்லென்றிருந்தன.
வண்டியை நிறுத்தி
ஒரு காதை மட்டும் திறந்தார்:
"அழகாக இறங்கிக்கொண்டிருந்தது, ஹெல்லெவி.
ஏன் ஏறிப்போச்சு?"
"நீங்கள் கீழே இருந்தீர்கள்."

இன்னொரு காதையும் திறந்தார்.
தான் வெட்டிவந்த நேர்க்கோட்டைத் திரும்பிப் பார்த்தார்,
பிறகு வானத்தை, அங்கே இப்போது ஒன்றுமில்லை.
வண்டிச் சாவியை உருவி
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக்
காப்பிக்கு நடந்தார்.

பாதி வெட்டிய புல்
அடுத்த ஞாயிறுவரை அப்படியே கிடந்தது.