ஏழாம் எபிசோடு

இந்த வாரம் சண்டை குறைவு, அழுகை கூடுதல் என்று
தொடங்கும் முன்பே சொல்லிவிட்டான் அஜின்.
ஆறு வாரமாய்
டப்பிங் தமிழ் பேசும் அந்த இரும்புத்தோள்காரன்
ஒரு ரயிலைத் தாங்கினான், ஒரு பாலத்தை,
இடிந்து விழப்போன ஒரு அணையை.
இன்றைக்கு அவன் பழைய பட்டாளத்துக்காரனாம்.
உறக்கம் வராதாம்.

குலசேகரத்தில் எங்கள் வீட்டில்
துப்பாக்கி தெரிந்தால் சேனல் மாறிவிடும்.
ரிமோட் என்னுடையது.
அன்றைக்கு மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு கையும் மண்.
தாசையன் கதவோரம் வந்து நின்றார்.
உட்காரவில்லை,
போகவும் இல்லை.

குக்கர் விசிலடிக்க
மேசைக்கடியில் பாய்ந்தான் திரையில் இருந்தவன்.
எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது.
றோஸ்லெட் இன்னும் பழங்காலம் என்பாள் நாத்தனார்.
சொல்லிக்கொள்ளட்டும்.
பானையில் வேகிற சோற்றுக்குச் சத்தமில்லை.

அவன் மனைவி அழுதாள்,
ஜன்னல் வெளிச்சம் அளந்து வைத்ததுபோல் கன்னத்தில்.
நான் அழுத ராத்திரிகளில்
பெரும்பாலும் கரண்ட் இருந்ததில்லை.

அவன் போய்க் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்தான்.
படுத்தான். எழுந்தான். மறுபடி இழுத்தான்.
மூன்றாம் தடவை இழுத்தபோது
"அது சரி" என்றார் தாசையன்.
அஜின் என்னைப் பார்த்தான்.
நான் கிழங்கைப் பார்த்தேன்.

விளம்பரம். தங்கம், பெயிண்ட், மறுபடி தங்கம்.
அப்புறம் போர்க்களம் வந்தது,
வேற்றுக்கிரகப் படை, பச்சைத் தோல், ஆறு விரல்.
செத்து விழுகையில் அவர்கள் கத்தினார்கள்,
எந்த ஊரிலும் யாரும் பேசாத ஏதோ பாஷை.

"பாக்கியவான்."
"யாருப்பா?"
"அவன்தான். அவிய கூப்பாடு போட்டது
அவனுக்கு ஒண்ணும் மனசிலாவல்லியே."

எண்பத்தேழில் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்.
அப்போது இருபது வயது,
தெரிந்த பாஷை ஒன்றே ஒன்று.
கல்யாணம் கழிந்து இருபத்தாறு வருசம்
நான் எதுவும் கேட்டதில்லை.
உறக்கத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும்
ஒரு வார்த்தை மட்டும் தெரியும்:
"அண்ணை."
எங்கள் பக்கத்தில் யாரும்
அண்ணனை அப்படிக் கூப்பிடுவதில்லை.

போன் அடித்தது. வெடிக்கார வறுவேல்.
"அண்ணா, இருவது நிமிசம்."
பத்தாம் திருவிழா,
கோயில் பறம்பில் குழாய் நட்டு மருந்து நிறைத்தாயிற்று.
வருசா வருசம் அழைக்கிறான்,
நாங்கள் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ரப்பர் வெட்டப் போகிறவர்போல்
நெற்றியில் லைட்டைக் கட்டினார் தாசையன்.
ராத்திரி ஒன்பதுக்கு எந்த மரம் பால் தரும்?
திற்பரப்பு அருவிக்கரை வரை போவார்.
அங்கே தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே
வேறெதுவும் ஏறாது.

திரையில் அவன் ஒரே உந்தலில் மேகம் கிழித்துப் பறந்தான்.
முற்றத்தில் டிவிஎஸ் கிளம்பவில்லை.
நாலு மிதி. அஞ்சு.
பிறகு அந்த நெற்றி வெளிச்சம்
மரங்களுக்கிடையே ஆடி ஆடிப் போனது.

முதல் அமிட்டு வெடித்தபோது
யாரோ ஒரு பெரிய அதிகாரி அவனைக் கட்டிப்பிடித்து
மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தார்.
வாயசைவு ஒட்டவில்லை.
ஓட்டுக்கூரை அதிர்ந்தது.
அஜின் சத்தத்தைக் கூட்டப் போனான், பிறகு
டிவியையே அணைத்துவிட்டான்.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
அறுபதுக்கு மேல் தப்பிப்போயிற்று.

வறுவேல் மறுபடி அடித்தான்:
"முடிஞ்சு அக்கா. அவியட்ட சொல்லுங்க."
சொல்கிறேன் என்றேன்.
அருவிக்கரையில் போன் அடித்தால் கேட்காது.
கிழங்கு வெந்து ஆறிக்கிடந்தது,
மேலே ஒரு தட்டு கவிழ்த்தேன்.
கொண்டியைப் போடவில்லை.