துரவோரம்

டிசம்பரில் வாலா வாலா பள்ளத்தாக்கில்
சூரியன் நாலு பதினொன்றுக்கு மறைகிறது.
சபை காலண்டரில் அந்த நிமிஷம் அச்சாகியிருக்கிறது,
குளிர்பெட்டிக் கதவில், ஒரு காந்தத்தின் கீழ்.

ஆர்டித் நீல்சன் மூன்று மணிக்கே ரொட்டி சுட்டாயிற்று.
கோதுமைக் கிடங்கின் எடைமேடைத் தூசு
தலையிலிருந்து கழுவிப் போயிற்று.
பயறு சூப் தன்பாட்டுக்குக் கொதிக்கிறது.
மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம், கார் ஷெட் மூலையில்,
ஹெட்போனும் மோர்ஸ் சாவியுமாக, அவளுடையது.

ஒரு சங்கடம். ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.
நாற்பது மீட்டர் அலை அந்திக்காகக் காத்திருக்கும்.
பகலெல்லாம் பக்கத்து மாவட்டத்தோடு நின்றுவிடும் குரல்
வெளிச்சம் சரியும் சில நிமிஷங்களில்
மேலே எதிலோ மோதிக்
கண்டம் தாண்டி விழும்.
மற்றவர்களுக்கு வானம் திறக்கிற நேரம்தான்
அவளுக்குப் பொத்தானை அணைக்கிற நேரம்.
முப்பது வருஷமாக இப்படித்தான்.
போட்டிகள் எல்லாம் சனிக்கிழமைகளில்.
இருட்டியபின் போய்ச் சேர்வாள்,
இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளியாக.

இன்று நாலு ஒன்பதுக்குக் கை பொத்தானில் இருந்தது.
இரைச்சலுக்கு அடியில் ஒரு கீச்சு.

குறில், நெடில் என்றால் நமக்குப் புரியும்.
மோர்ஸில் நெடிலுக்கு மூன்று மாத்திரை;
அளபெடையிலேயே பேசுகிற மொழி.
இந்தக் கை அதையும் தாண்டி இழுத்தது,
விரல் விறைத்தவன் கை.
நெடில் குறில் நெடில் குறில்
நெடில் நெடில் குறில் நெடில்:
யாராவது இருக்கிறீர்களா. யாராவது.

டகோட்டாவில் யாராவது எடுப்பார்கள்.
ஜப்பானில் எடுப்பார்கள்.
நாலு பத்து.
நாலு பதினொன்று.

எருது துரவில் விழுந்தால்
ஓய்வுநாளிலும் தூக்கிவிடலாம். வேதத்திலேயே இருக்கிறது.
மூன்று வருஷம் முன்பு புயல் ஒரு தீவைப் புரட்டியபோது
வெள்ளி அந்தி தொடங்கிச் சனி அந்தி வரை
மிஷன் ஆஸ்பத்திரியின் பட்டியலை எழுதிக்கொண்டே இருந்தாள்.
இன்சுலின், நாற்பது குப்பி.
டீசல்.
உயிரோடு இருப்பவர்கள், இருபத்து மூன்று பேர்.
ஒரு பெயரை மட்டும் மூன்று முறை திரும்ப அனுப்பச் சொன்னாள்,
அந்தப் பட்டியலில் எழுத்துப் பிழை கூடாது.
சபையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
போதகர் ஆறு ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டுச்
செருப்புச் சத்தமில்லாமல் போனார்.

அது எருது. கொம்பும் வாலும் தெரிந்த எருது.
இது என்ன?

நாலு பதினான்கு.
சாவியைத் தொட்டாள்.

பேர் ஓசிப். யூகான் ஆற்றின் மேல்கரை.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஜெனரேட்டர் ஓடுகிறது. நாய் நலம்.
ஒன்றும் வேண்டாம்.
ஒன்றும் வேண்டாம் என்று இரண்டாம் முறையும்.
என் சத்தம் அங்கே எப்படிக் கேட்கிறது?
மூன்று, மூன்று, ஒன்பது என்றாள்.
கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்;
ஓய்வுநாள் ஆகிவிட்டதால் சொல்லவில்லை.
எழுபத்து மூன்று, என்றான் அவன்.
ஹாம்காரர்களுக்குள் 'நல்லா இருங்க' என்று பொருள்.
அப்புறம் வெறும் இரைச்சல்.

உள்ளே வெண்டல் கிண்ணங்களைப் பரப்பியிருந்தான்.
பாட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது.
காலண்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.
"எருதா, கழுதையா?"
"எதுவும் விழவில்லை," என்றாள்.
"துரவோரத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்."
அவன் ரொட்டித் தட்டை நகர்த்தினான்.

சனி இருட்டியபின் பதிவேட்டைத் திறந்தாள்.
அதில் உலக நேரம்தான் எழுத வேண்டும்.
பூச்சியம், பூச்சியம், ஒன்று, நான்கு.
கிழமை சனி, அந்தக் கணக்கிலும்.
தப்பிக்க வழியில்லை; சிரிப்பு வந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்:
நாய் நலம்.